முறைக்காய்ச்சல்

எங்கள் வீட்டுப் பரணில், வெண்கலப் பானைக்கும் கொலுப் பெட்டிக்கும் இடையே, பழைய மாதக் காலண்டர்கள் சில சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் மூன்றும் 2009, 2010, 2011 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. நகைக்கடையிலும் அரிசி மண்டியிலும் இலவசமாகக் கொடுத்தவை. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் என் மனைவியின் சிறிய கையெழுத்தில் பால் கணக்கு இருக்கும். சிலிண்டர் வந்த நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள் ஆகியவையும் உண்டு. அவற்றுக்கிடையே சிவப்பு மையில் சில வட்டங்கள். வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் அவை கைக்கு வரும். திரும்பவும் சுருட்டி உள்ளேயே வைத்துவிடுவோம்.

அந்த வட்டங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணியதுண்டு. தள்ளிப்போட்டு வந்ததற்குக் காரணம், இந்தக் கதையில் நான் நல்லவிதமாக வரப்போவதில்லை என்பதுதான்.

முதல் வட்டம் 2009 நவம்பர் 14. மகளுக்கு அப்போது மூன்று வயது நிறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. குழந்தைகள் தினத்துக்கு மழலையர் பள்ளியில் மாறுவேடம். ஔவையாராக வேடமிட்டுக் கையில் கோலுடன் கிளம்பியவள், பத்து மணிக்கெல்லாம் ஆயாவின் தோளில் சாய்ந்தபடி திரும்பி வந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. சளி இல்லை, இருமல் இல்லை. 104 டிகிரி. பன்றிக் காய்ச்சல் அச்சம் ஊரெங்கும் நிறைந்திருந்த ஆண்டு அது. பதறிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, டான்சில் வீங்கியிருக்கிறது, வெள்ளை படர்ந்திருக்கிறது என்றார். கழுத்தில் இரு பக்கமும் நெறி கட்டியிருந்தது. உதட்டின் உட்புறம் இரண்டு சிறு புண்கள். ஆண்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் அவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 11 அன்று மீண்டும் வந்தது. 2010 ஜனவரி 6 அன்று மீண்டும். பிறகு பிப்ரவரி 2, பிப்ரவரி 28, மார்ச் 27.

இப்படி வரிசையாக எழுதினால் ஒரு குழந்தைக்கும் புரிந்துவிடும். இடைவெளி 27, 26, 27, 26, 27. நான் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் கணித ஆசிரியன். கூட்டுத்தொடரை ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறவன். ஆனால் வாழ்க்கையில் தேதிகள் வரிசையாக வருவதில்லை. ஒவ்வொரு காய்ச்சலும் தனித்தனியாக, ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே வந்தது. நடுவிலிருந்த இருபது நாட்களில் தேர்வு இருந்தது, வினாத்தாள் திருத்தும் வேலை இருந்தது. குழந்தை ஓடியாடித் திரிந்ததால் போன காய்ச்சல் மறந்தே போயிற்று.

மனைவி மறக்கவில்லை. மார்ச் மாதக் காய்ச்சல் இறங்கிய இரவு காலண்டரைக் காட்டி, "என்னங்க, இருபத்தாறு இருபத்தேழு நாளைக்கு ஒருக்கா சரியா வருதுங்க. டாக்டர்ட்ட சொல்லிப் பாப்போமா?" என்றாள்.

"காய்ச்சலுக்குக் காலண்டர் பாக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. காலண்டரை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

என் மாமியார் வேறொரு பெயர் வைத்திருந்தார். "இது முறைக்காய்ச்சல் மாப்பிள்ளை. எங்க காலத்துல பாத்திருக்கோம். முறை வச்சு வரும்" என்றார். மலேரியாவுக்கு நம் ஊரில் வழங்கிய பெயர் அது. ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது இரண்டு நாள் விட்டு ஒருநாள் குளிரோடு ஏறி வியர்வையோடு இறங்கும். மலேரியா இருக்கிறதா என்று, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே ரத்தம் எடுத்து மும்முறை பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. அத்தோடு அந்தச் சொல்லையும் ஒதுக்கிவிட்டோம். நோய்தான் வேறு, 'முறை' என்ற பாதி அப்போதே சரியாக இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

தானாக இறங்கும் நோயில் ஒரு வினோதம் உண்டு. அதில் எல்லா மருந்தும் பலிக்கும். மூன்றாம் நாள் மருந்தை மாற்றினால் ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கும். புதிய மருந்துக்குப் பேர் கிடைக்கும். நான்காம் நாள் தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு மறுநாளே பலித்தது. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதும் பலித்தது. ஹோமியோபதி மருந்து கொடுத்த ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரே வேளையில் கேட்டுவிட்டது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவரவர் கண்முன்னே குழந்தை எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த முறை காய்ச்சல் வந்தபோது நாங்கள் வேறொருவரிடம் போயிருந்தோம்.

பின்னாளில் யோசிக்கையில், பெரும் பிழை இங்கேதான் நேர்ந்தது என்று படுகிறது. இரண்டு காய்ச்சலுக்கு ஒரு மருத்துவர் என்று மாற்றிக்கொண்டே போனோம். எனவே ஒவ்வொரு மருத்துவரும் ஒன்றிரண்டு காய்ச்சலை மட்டுமே கண்டார். ஒரு காய்ச்சலை மட்டும் பார்த்தால் அது டான்சில்தான். அவர்கள் படித்த மருத்துவம் தவறில்லை. ஒரே பக்கத்தைக் காட்டிவிட்டுப் புத்தகத்தின் கதையைக் கேட்டது நாங்கள்.

மே மாதம் என் அக்கா மகனுக்குச் சுவாமிமலையில் காதுகுத்து. மே 20 என்று நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடி என்பதால் நான் இல்லாமல் நடக்காது. நாள் குறித்த அன்றே மனைவி, "பத்தொம்போது இருபதுல பாப்பாவுக்குக் காய்ச்சல் வரும். ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாமான்னு அண்ணிகிட்ட கேளுங்களேன்" என்றாள். என் அம்மா அதைக் கேட்டுவிட்டார். "நல்ல காரியம் பேசறப்ப இப்படியா வாயத் தெறப்பா ஒருத்தி?" என்றார். நாள் மாறவில்லை. மே 19 இரவு குழந்தைக்கு 103 டிகிரி.

மறுநாள் நான் மருமகனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மனைவி வீட்டில் ஈரத்துணியோடு. மண்டபத்தில் பந்தி முடிவதற்குள், இன்னாருக்குக் கருநாக்கு என்ற பேச்சு சொந்தத்துக்குள் பரவிவிட்டது. சொன்னது பலித்தவளுக்கு அந்தப் பட்டம். நான் அதைக் காதால் கேட்டேன். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்பதைத்தான் இன்று சொல்லக் கூசுகிறது. அதற்கப்புறம் அவள் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிவப்பு வட்டம் மட்டும் போட்டுவந்தாள்.

அடுத்து நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் காய்ச்சலில் 'வைடால்' சோதனை செய்தார்கள். டைபாய்டு என்று வந்தது. 1896-இல் பிரெஞ்சு மருத்துவர் வைடால் கண்ட சோதனை அது. நம்மைப் போல் டைபாய்டு மலிந்த நாட்டில், எப்போதோ கிருமி தொட்டுப்போன உடம்பிலும் அது நோய் உண்டு என்று காட்டிவிடும். ஏழு நாள் ஊசி போட்டார்கள். குழந்தையின் புறங்கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினார்கள். காய்ச்சல் இறங்கியது, பிறகு வந்தது.

ஜூலையில் 'மாந்தூ' சோதனை. முன்கையில் ஊசி போட்டு இரண்டு நாள் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். 12 மில்லிமீட்டர். "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றார் மருத்துவர். தமிழ்நாட்டில் குழந்தை வளர்த்த எவருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கும், அடிக்கடி இருமும் குழந்தைக்கும், நெறி கட்டிய குழந்தைக்கும் இந்தப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. காசநோய் உண்மையாகவே இங்கு அதிகம். குழந்தைக்கு அது வந்து கவனிக்காமல் விட்டால் மூளைக்குப் போகும் ஆபத்தும் உண்டு. ஆகவே மருத்துவரின் எச்சரிக்கை உணர்வை நான் பழிக்க மாட்டேன். ஆனால் எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை. எடை குறையவில்லை. வீட்டில் யாருக்கும் காசநோய் இல்லை. பூச்சியம் என்று வந்தவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு, 12 என்று வந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டோம்.

ஆறு மாதம் மருந்து கொடுத்தோம். காலையில் வெறும் வயிற்றில். முதல் வாரம் கழிவறையிலிருந்து ஓடிவந்து, "அப்பா, ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல வருது" என்று அழுதாள். ரிஃபாம்பிசின் மருந்தால் அப்படித்தான் வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக் கொடுத்தோம். பிறகு அதைத் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அந்த ஆறு மாதத்திலும் காலண்டரில் வட்டங்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன.

2011 பிப்ரவரியில் திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை வாயால் சொல்லாமல், "எலும்பு மஜ்ஜை ஒரு தடவ பாத்துரலாம்" என்றார்கள். இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி எடுப்பது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள், அவள் அழவில்லை. அந்த நிசப்தம் அழுகையைவிடக் கொடியதாக இருந்தது. நான்கு நாள் காத்திருந்து முடிவு வந்தது. குறை ஏதுமில்லை. மருத்துவமனை வாசலில் இருவரும் தேநீர் குடித்தோம். மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். "அப்ப என்னங்க இது?" என்றாள் மனைவி. ஒரு நோய் இல்லை என்று அறிவது மட்டும் நோயை அறிவது ஆகிவிடாது என்பது அன்று புரிந்தது.

ஜூன் மாதம், நண்பர் ஒருவர் சொல்லிச் சென்னையில் ஒரு வயதான குழந்தை மருத்துவரைப் பார்க்கப் போனோம். இரவுப் பேருந்து. என்னிடம் ஒரு தடித்த கோப்பு இருந்தது. எக்ஸ்-ரே, ஸ்கேன், ரத்தச் சோதனை எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தேன். மனைவி கையில் ஒரு மஞ்சள் பை. ஊறுகாயோ என்னவோ என்று நினைத்தேன்.

மருத்துவர் என் கோப்பைத் திறக்கவேயில்லை. மேசையில் ஓரமாக வைத்துவிட்டு, "நல்லா இருக்கற நாள்ல இவ எப்படி இருப்பா?" என்று கேட்டார். இருபது மாதங்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நன்றாகச் சாப்பிடுவாள், ஓடுவாள், உயரமும் எடையும் வயதுக்கேற்ப ஏறியிருக்கின்றன என்றோம். சொந்தத்தில் திருமணமா, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் காது கேளாமை, சிறுநீரகக் கோளாறு உண்டா என்றெல்லாம் கேட்டார். இல்லை என்றோம். பிறகு, "எத்தனை நாளைக்கு ஒரு தடவ வருது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "மாசத்துக்கு ஒரு தடவ வரும் சார்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப் போனேன். அதற்குள் மனைவி பையிலிருந்து மூன்று காலண்டர்களை எடுத்து மேசைமேல் விரித்துவிட்டாள். பால் கணக்கு, சீட்டுப் பணம், கோடாலி முத்திரை போட்ட அரிசி மண்டி விளம்பரம் எல்லாவற்றோடும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு மாதமாகத் தொட்டுக்கொண்டே போனார். 22 வட்டங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'தொ', 'பு', 'நெ' என்று சிறு எழுத்துகள். தொண்டை, புண், நெறி. அப்படி அவள் எழுதியிருப்பதை நானே அன்றுதான் பார்த்தேன்.

"இத யாரு எழுதினது?" என்றார்.

"நான்தான் சார். பால் கணக்குக்காக மாட்டினது" என்றாள் தயங்கியபடி.

"இவ்வளவு ஃபைலு கொண்டு வந்திருக்கீங்க. ரிப்போர்ட் இதுதாம்மா" என்றார்.

அவர் உடனே நோயின் பெயரைச் சொல்லிவிடவில்லை. முறைவைத்து வரும் காய்ச்சல்கள் பல வகை என்றார். 21 நாளுக்கு ஒருமுறை ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை சரிந்து போய்க் காய்ச்சல் வரும் நோய் ஒன்று உண்டு. அதை முதலில் விலக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை, ஆறு வாரம், ரத்தம் பார்க்க வேண்டும். மத்தியதரைக் கடல் பகுதி மக்களிடம் பரம்பரையாக வருகிற காய்ச்சல் ஒன்று உண்டு. அதன் தன்மை இதில் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊருக்கு வந்து 12 முறை ரத்தம் எடுத்தோம். ஆய்வகத்துப் பெண்ணைக் கண்டாலே மகள் தானாகக் கையை நீட்டப் பழகிவிட்டாள். அணுக்கள் சரியவில்லை. காய்ச்சலின்போது சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவு பன்மடங்கு எகிறியிருந்தது. காய்ச்சல் இல்லாத நாளில் இயல்புக்குத் திரும்பியிருந்தது. தொண்டையில் எடுத்த மாதிரியில் கிருமி ஏதும் வளரவில்லை.

ஆகஸ்டில் அடுத்த காய்ச்சல் வந்தது. அவர் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, உள்ளூர் மருத்துவரின் பார்வையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை, எடைக்கேற்ப, ஒரே ஒரு வேளை கொடுத்தோம். மாலை ஆறு மணிக்கு 103.6. ஒன்பது மணிக்கு நெற்றி வியர்த்தது. பதினொரு மணிக்கு 99. நாங்கள் இருவரும் தூங்கவில்லை. வெப்பமானியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம். காலையில் எழுந்து "இட்லி வேணும்" என்றாள். 24 முறை ஐந்தைந்து நாள் கிடந்த குழந்தை அவள்.

நோயின் பெயரை அவர் அதன்பின்தான் சொன்னார். பி.எஃப்.ஏ.பி.ஏ. அமெரிக்காவில் கேரி மார்ஷல் என்ற மருத்துவரும் உடன்பணியாற்றியவர்களும் 1987-இல் 12 குழந்தைகளைக் கண்டு எழுதியது. ஐந்து எழுத்துகளையும் பிரித்தால் கிடைப்பது இதுதான்: முறைவைத்து வரும் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை அழற்சி, நெறி. அவ்வளவே. நோய் ஏன் வருகிறது என்பதற்கு அந்தப் பெயரில் எந்தப் பதிலும் இல்லை. கண்ட குறிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம் அது. என் மனைவி காலண்டரில் எழுதிய 'தொ', 'பு', 'நெ' என்பதும், என் மாமியார் சொன்ன 'முறை' என்பதும் சேர்ந்தால் அதே பெயர் வந்துவிடுகிறது.

உடம்பில் பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பு ஏற்பாடு, எதிரி இல்லாதபோதே போர் முரசு கொட்டுவது போன்றது இது என்று மருத்துவர் விளக்கினார். தொற்றாது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன் தொடங்கும்; வளர வளரத் தானே ஓயும்; வளர்ச்சியைப் பாதிக்காது. இதுதான் நோய் என்று உறுதிசெய்ய ரத்தச் சோதனை எதுவும் இல்லை. மரபணுக் குறி எதுவும் தனியாகப் பிடிபடவில்லை. மற்றவற்றை விலக்கியும், வருகையின் ஒழுங்கைக் கண்டுமே முடிவுக்கு வர வேண்டும். டான்சில் அறுவை சிகிச்சையால் பல குழந்தைகளுக்கு நின்றுபோவதும் உண்டு. 2007-இல் பின்லாந்தில் வெளியான ஓர் ஆய்வு அதைக் காட்டியது. நாங்கள் அறுவைக்குப் போகவில்லை. ஸ்டீராய்டு கொடுத்தால் இடைவெளி குறையலாம் என்று அவர் எச்சரித்திருந்தார். அப்படியே நடந்தது, அடுத்தது 18-ஆம் நாளே வந்துவிட்டது. ஆகவே தேர்வு, விசேஷம் என்றால் மட்டும் மருந்து. மற்ற நேரம் பாராசிட்டமாலும் ஈரத்துணியும். பயம் போய்விட்டது. ஐந்து நாள் என்று தெரிந்த துன்பத்தை ஐந்து நாளும் சுமக்க முடிகிறது. என்னவென்று தெரியாத துன்பத்தில் ஒரு நாளே பெரும்பாரம். மருந்தைவிட இதுவே எங்களுக்குக் கிடைத்த பெரிய சிகிச்சை.

2013-இல் இடைவெளி இரண்டு மாதமாயிற்று, பிறகு மூன்று மாதம். கடைசி வட்டம் 2014 ஜனவரியில். அப்போது அவளுக்கு ஏழு வயது. இன்று கல்லூரியில் படிக்கிறாள். ஆரஞ்சு நிறச் சிறுநீர் மட்டும்தான் நினைவிருக்கிறதாம்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது நான்காவது கூறு எதற்கு என்று தோன்றியிருக்கிறது. மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஆளையும் ஏன் கணக்கில் சேர்த்தார் என்று. உடனிருப்பவர் காண்பதை வேறு யாரும் காண்பதில்லை என்பது வள்ளுவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிய 22 வட்டங்கள் வேண்டியிருந்தன.

சென்னையிலிருந்து திரும்பிய அந்த இரவு, பேருந்து விழுப்புரம் தாண்டியபின், மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருக்க, மனைவியிடம் மன்னிப்புப் போல ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்குக் கருநாக்குன்னு சொன்னாங்கல்ல, அத மட்டும் உங்க அம்மாகிட்ட இல்லைன்னு சொல்லிடுங்க" என்றாள். ஊருக்கு வந்ததும் சொன்னேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த இன்னொரு விசேஷத்தில் மறுபடியும் சொன்னேன். ஓராண்டுக்கு மேல் தாமதமாக.

அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தையோடு இதைப் படிப்பவர் யாரேனும் இருந்தால், என்னிடமிருந்து நோயின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டாம்; உங்கள் குழந்தைக்கு வேறாக இருக்கலாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தேதியை எழுதி வையுங்கள். முடிந்தவரை ஒரே மருத்துவரிடம் போங்கள். குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருப்பவர் எதையாவது சொன்னால், சிரிக்காமல் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் நான் முதலில் அவளிடம்தான் கேட்கிறேன். மருத்துவரிடம் போவது அதற்கப்புறம்.